பதினைந்து வயது என்ற சாக்கு ஹாரிக்கு வேண்டாம்

கேள்வி இது: "ஹாரி பாட்டர் வரிசையில் நான்கு புத்தகங்கள் வரை எனக்குப் பிடித்திருந்த பையன், ஐந்தாவதில் எரிந்து எரிந்து விழுகிறான். நண்பர்களிடம் கத்துகிறான். தன்னைத்தானே நினைத்து நொந்துகொள்கிறான். சொன்ன பேச்சைக் கேட்காமல் ஓடிப்போய் ஞானத்தந்தையைச் சாகக் கொடுக்கிறான். இவனை எப்படி நாயகன் என்று ஏற்பது?"

கதை முழுவதையும் போட்டு உடைக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் எரிச்சல் எனக்குப் புதிதல்ல. ஜே.கே. ரௌலிங்கின் நான்காவது புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவதான 'ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' கைக்கு வர 2003 ஜூன் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பதிப்பில் 766 பக்கம், வரிசையிலேயே பெரியது. மூன்று ஆண்டு காத்திருந்து, செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துத் திறந்தால், நான்காவது அத்தியாயத்திலேயே பையன் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிடுகிறான். எனக்கும் அன்று அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. மூன்றாவது முறை படித்தபோதுதான், அந்த அறை போய்ச் சேர வேண்டிய கன்னங்கள் வேறு என்று பட்டது.

ஹாரிக்காக வாதாடுகிறவர்கள் வழக்கமாக மூன்று சமாதானம் சொல்வார்கள். பதினைந்து வயதுப் பையன் அப்படித்தான் இருப்பான் என்பது ஒன்று. நெற்றித் தழும்பு வழியாக கொடிய மந்திரவாதியான வால்டெமார்ட்டின் வெறுப்பு அவனுக்குள் கசிகிறது என்பது இரண்டு. கண்ணெதிரே கொலையைப் பார்த்த அதிர்ச்சியில் மனம் பாதிக்கப்பட்டிருக்கிறான் என்பது மூன்று. மூன்றிலும் உண்மை உண்டு. மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குள் பாம்புபோலத் தலைதூக்கும் அந்த வெறி நிச்சயமாக அவனுடையதல்ல. ஆனால் மூன்று சமாதானங்களும் அவன் கோபத்தைக் காய்ச்சல் மாதிரி நடத்துகின்றன. நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுத் தானாக இறங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் வசதி. அவன் என்ன சொல்லிக் கத்துகிறான் என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. நான் கேட்கச் சொல்கிறேன். கேட்டால், அவன் சொல்வதில் முக்கால்வாசி சரியான கணக்கு.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1995 ஜூன் 24 இரவு, ஒரு கல்லறைத் தோட்டத்தில், கூட வந்த சக மாணவன் செட்ரிக் டிகரி ஒரே நொடியில் கொல்லப்படுகிறான். அவனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அங்கே தேவைப்படாத ஆள், அவ்வளவுதான். உடலைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி அவனுடைய நிழலுருவம் கேட்கிறது. ஹாரி அந்த உடலை இறுகப் பற்றிக்கொண்டு பள்ளிக்குத் திரும்புகிறான். அடுத்து வந்த கோடை விடுமுறையில் அவனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் மகன் டட்லி என்று அவனைச் சகித்துக்கொள்ள முடியாத மூன்று பேர் மட்டும் இருக்கும் வீடு அது.

ஐந்தாவது புத்தகம் ஆகஸ்ட் 2 அன்று தொடங்குகிறது. கொளுத்தும் வெயில். வறட்சி என்பதால் குழாய் வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை. ஹாரி வீட்டு ஜன்னலுக்குக் கீழே, செடி மறைவில், மண்ணில் மல்லாந்து படுத்திருக்கிறான். உள்ளே ஓடும் தொலைக்காட்சிச் செய்தியில் எங்கேனும் விநோதமான சாவுச் செய்தி வருகிறதா என்று கேட்பதற்காக. வால்டெமார்ட் திரும்பிவந்ததைப் பார்த்துவிட்டு உயிரோடு மீண்டு, அதை வெளியே சொன்ன ஒரே சாட்சி அவன். அந்தச் சாட்சிக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. நண்பர்களின் கடிதங்களில் 'கடிதத்தில் எதுவும் சொல்ல முடியாது' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பிறந்தநாளுக்கு அவர்கள் அனுப்பிய சாக்லேட்டைப் பிரிக்காமலே குப்பையில் எறிகிறான். இரவுச் சாப்பாட்டுக்கு வாடிய கீரையைப் பார்த்ததும், எறிந்துவிட்டோமே என்று வருந்துகிறான். தூக்கத்தில் அவன் செட்ரிக்கின் பெயரைச் சொல்லி முனகுவதை டட்லி ஒட்டுக்கேட்டு, அதையே பிடித்து நையாண்டி செய்கிறான். அன்று இரவே அவர்கள் இருவர் மீதும் டிமென்டர்கள், அதாவது மனிதரின் மகிழ்ச்சியை உறிஞ்சும் பிசாசுகள், பாய்கின்றன. நையாண்டி செய்தவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறான் ஹாரி. அதற்குக் கிடைத்த பரிசு, பள்ளியிலிருந்து நீக்கம் என்று மந்திர அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம். பிறகு அது ஆகஸ்ட் 12 விசாரணை என்று மாறுகிறது.

சில நாள் கழித்து அவனை லண்டனில் ரகசிய வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். நெருங்கிய நண்பர்களான ரானும் ஹெர்மயனியும் வெகுநாளாக அங்கேதான் ஒன்றாகத் தங்கியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. புகழ்பெற்ற அந்தக் கத்தல் இங்கேதான் வருகிறது. ஆங்கிலத்தில் அதைப் பத்தி பத்தியாகப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருப்பார்கள். ஹாரியைப் பிடிக்காதவர்கள் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

ஒருமுறை என் அக்கா மகனுக்கு இந்த அத்தியாயத்தை வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. கத்தலைக் காட்ட வேண்டுமானால் சொல்லில்தான் காட்ட வேண்டும். இரவு நேரம், பக்கத்து அறையில் ஆள் தூங்குகிறார் என்பதால் குரலையும் தாழ்த்திக்கொண்டேன். அப்படிச் சொன்னபோது கைக்கு வந்தது ஒரு குற்றப்பத்திரிகை. முதலாம் ஆண்டில் அந்த மந்திரக் கல்லைக் காப்பாற்றியது யார், டிமென்டர்களிடமிருந்து உங்களை மீட்டது யார், போன வருடம் டிராகனைத் தாண்டிப் போனது யார், வால்டெமார்ட் திரும்பிவந்ததைப் பார்த்தது யார், நான்கு வாரமாகக் குப்பைத்தொட்டியில் செய்தித்தாள் பொறுக்கியது யார் என்று வரிசையாகக் கேட்கிறான். ஒவ்வொன்றும் நடந்தது. ஒன்றில்கூட மிகை இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரியாகத்தானே கேட்கிறான்? அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்?" என்றான். அவர்கள் சொன்ன பதில், எதையும் சொல்லக் கூடாது என்று டம்பிள்டோர் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்பது. அதாவது, கத்த வேண்டிய ஆள் அந்த அறையிலேயே இல்லை.

இங்கே ஹாரியின் மீதும் ஒரு குற்றம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சரியான பதில் வரும்வரை கொத்திக்கொண்டே இரு என்று அவன்தான் ஆந்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். ரான் விரலை நீட்டிக் காட்டுகிறான்: ஆழமான காயம், பாதிதான் ஆறியிருக்கிறது. பெயருக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹாரி மேலே போய்விடுகிறான். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்' என்று வள்ளுவர் வைத்த தேர்வில் அவன் தோற்கும் இடம் இதுதான். கோபம் செல்லுபடியாகும் இடத்தில், தன்னைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்களிடத்தில், அவனுக்கு அடக்கமே இல்லை. ரௌலிங்கும் இதை மூடி மறைக்கவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில், வால்டெமார்ட் தன்னை ஆட்கொண்டுவிட்டானோ என்ற பயத்தில் ஹாரி யார் முகத்திலும் விழிக்காமல் ஒரு அறையில் ஒதுங்குகிறான். முதலாமாண்டு மாணவியாக வால்டெமார்ட்டின் பிடியில் சிக்கி மீண்ட, ரானின் தங்கை ஜின்னி வந்து, உனக்குத் தெரிந்தவர்களில் அந்த அனுபவம் உள்ளவள் நான் ஒருத்திதான், என்னிடம் ஏன் கேட்கவில்லை என்கிறாள். மறந்துவிட்டேன் என்கிறான். "கொடுத்துவைத்தவன்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறாள். தன்னிரக்கத்தின் தலையில் இதைவிடச் சுருக்கமாகக் குட்டு வைக்க முடியாது. அவனும் வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்பாமல் மன்னிப்புக் கேட்கிறான், அதுவும் மனதார. சோ சாங்குடன் காதலர் தினத்தன்று தேநீர்க் கடைக்குப் போய்ச் சொதப்புவதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. அது கோபம்கூட இல்லை, வெறும் மரமண்டைத்தனம்.

ஆனால் 'எப்போது பார்த்தாலும் கத்துகிறான்' என்ற குற்றச்சாட்டைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். அந்த வருடம் அவனுக்கு நடந்த மிகக் கொடுமையான விஷயத்தைப் பற்றி அவன் கத்தவே இல்லை.

அம்பிரிட்ஜ் என்ற அமைச்சக அதிகாரி ஆசிரியையாக வருகிறாள். உடையெல்லாம் ரோஸ் நிறம், சுவரெல்லாம் பூனைக்குட்டி படம் போட்ட தட்டுகள், குரலில் தேன். முதல் வகுப்பிலேயே, செட்ரிக்கின் சாவு ஒரு விபத்து என்கிறாள். அது கொலை என்று ஹாரி எழுந்து நின்று சொல்கிறான். தண்டனையாக, மாலை ஐந்து மணிக்கு அவள் அறையில் உட்கார்ந்து, நான் பொய் சொல்லக் கூடாது என்று எழுத வேண்டும். கறுப்பு இறகுப் பேனா கொடுக்கிறாள், மை கொடுக்கவில்லை. எழுத எழுத, காகிதத்தில் சிவப்பாக வரி விழுகிறது. அதே வரி அவன் வலது கையின் புறத்தில் கத்தியால் கீறியதுபோல் எழும்பி, உடனே தோல் கூடுகிறது. அடுத்த வரி, மறுபடி கீறல். நள்ளிரவு வரை. ஒரு வாரத்தில் தோல் கூடுவது நின்று, எழுத்துகள் கையிலேயே தங்கிவிடுகின்றன. பையன் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் போ என்று நண்பர்கள் சொன்னாலும் மறுக்கிறான். தன்னை அவள் வென்றுவிட்டாள் என்று காட்டிக்கொள்ள மனமில்லை. அதோடு, விசாரணையில் வந்து அவனுக்காக வாதாடிக் காப்பாற்றிய டம்பிள்டோர் அன்று ஒருமுறைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் பார்க்காத மனிதரிடம் கையை எப்படி நீட்டுவது? நண்பர்களிடம் கத்தியதையும் அம்பிரிட்ஜ் அறையில் பல்லைக் கடித்துக்கொண்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்ற ஒரே முடிவிலிருந்து வந்தவை இரண்டும்.

அந்த டிமென்டர்களை அனுப்பியவளும் இந்த அம்பிரிட்ஜ்தான் என்று கடைசியில் அவள் வாயாலேயே வருகிறது. பொய் சொல்லாதே என்று தோலைக் கிழித்து எழுதவைத்தவள்!

மெக்கானகல் பேராசிரியையின் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அம்பிரிட்ஜிடம் கத்தினாயா என்று கேட்கிறார். ஆமாம். அவளைப் பொய்யர் என்றாயா? ஆமாம். வால்டெமார்ட் வந்துவிட்டான் என்றாயா? ஆமாம். எல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கண்டிப்பான அம்மாள் டப்பாவைத் தள்ளி, ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள் என்கிறார். கோபம் நியாயம்தான், இடம்தான் தவறு என்பதை அந்த ஒரு பிஸ்கட்டில் சொல்லிவிடுகிறார்.

கோபத்தால் என்ன பலன் என்று நீங்கள் கேட்கலாம். கையில் புண்ணோடு வந்தவனுக்கு ஹெர்மயனி ஒரு கிண்ணத்தில் மருந்துநீர் வைத்துத் தருகிறாள். தற்காப்பு மந்திரங்களை நீயே எங்களுக்குக் கற்றுக்கொடு என்கிறாள். ரானும் அவளும் அவனுடைய சாதனைகளை அடுக்குகிறார்கள். வேறு நாயகனாக இருந்தால் தலைகுனிந்து சிரித்திருப்பான். இவன் துள்ளி எழுகிறான். கிண்ணம் விழுந்து உடைகிறது. பூனை சோபாவுக்கு அடியில் ஓடுகிறது. அவன் சொல்வது இவ்வளவுதான்: எல்லாம் அதிர்ஷ்டம், பாதி நேரம் என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது, சாவுக்கும் நமக்கும் நடுவில் எதுவுமே இல்லாத அந்தக் கணத்தை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், செட்ரிக் ஒன்றும் முட்டாள் அல்ல, செத்தவன் நானாகவும் இருந்திருக்கலாம். சாதனைப் பட்டியலைக் கேட்டுப் பையனுக்குக் கோபம் வந்தது அது பொய்ப் பட்டியல் என்பதால். இறந்தவன் திறமைக்குறைவால் இறந்தான் என்று அந்தப் புகழ்ச்சிக்குள் ஓர் அர்த்தம் ஒளிந்திருப்பதை அவன் மட்டும்தான் கவனித்தான். ஹெர்மயனி பயந்த குரலில், அதனால்தான் நீ வேண்டும், வால்டெமார்ட்டை நேரில் எதிர்கொள்வது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறாள். அந்தப் பெயரை அவள் உச்சரிப்பது அதுவே முதல் முறை. உடனே அவன் உட்கார்ந்துவிடுகிறான். இரண்டொருவர் வருவார்கள் என்று சொல்லிக் கூட்டிய முதல் கூட்டத்துக்கு இருபத்தைந்து பேர் வந்தார்கள். அந்தப் பள்ளியில் அந்த வருடம் உருப்படியாக நடந்த ஒரே தற்காப்புப் பாடம், உடைந்த அந்தக் கிண்ணத்திலிருந்து வந்தது.

வயதுச் சாக்கை ஏன் முதலிலேயே ஒதுக்கினேன் என்று சொல்கிறேன். ஆசிரியர் ஸ்னேப்பின் நினைவுக்குள் எட்டிப் பார்க்கும் ஹாரி, தன் அப்பா ஜேம்ஸைப் பதினைந்து வயதுப் பையனாகப் பார்க்கிறான். பொழுதுபோகவில்லை என்பதற்காக, எல்லோரும் பார்க்க ஸ்னேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்துகிறான் அந்த ஜேம்ஸ். உள்ளம் நொறுங்கி, மாட்டிக்கொண்டால் பள்ளியை விட்டே போக வேண்டிய ஆபத்தையும் பார்க்காமல், ஞானத்தந்தை சிரியஸையும் அப்பாவின் நண்பர் லூபினையும் அழைத்துக் கேட்கிறான் ஹாரி. லூபின் தணிந்த குரலில், அதை வைத்து உன் அப்பாவை எடைபோடாதே, அவனுக்கு அப்போது பதினைந்து வயதுதான் என்கிறார். "எனக்கும் பதினைந்துதான்!" என்கிறான் ஹாரி.

செத்துப்போன, உலகமே புகழ்ந்த, நீ அப்படியே அவர்தான் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டு வளர்ந்த அப்பாவுக்கே அவன் தர மறுத்த சலுகையை, நாம் எந்த முகத்தோடு அவனுக்கு நீட்டுவது? அவன் வாங்கிக்கொள்ள மாட்டான்.

சிரியஸின் சாவுக்கு வருவோம். உங்கள் குற்றச்சாட்டுகளில் கனமானது இதுதான். வால்டெமார்ட் உள்ளே நுழையாதபடி மனதை மூடிக்கொள்ளும் வித்தையை அவன் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை. சிரியஸ் வதைபடுவதுபோல் வால்டெமார்ட் அனுப்பிய பொய்க் காட்சியை நம்பிவிடுகிறான். இது சூழ்ச்சியாக இருக்கலாம், ஆட்களைக் காப்பாற்றத் துடிக்கும் உன் சுபாவம் வால்டெமார்ட்டுக்குத் தெரியும் என்று ஹெர்மயனி எச்சரிக்கிறாள், அவளிடமும் கத்துகிறான். ஆனால் கத்திய பிறகு அவள் சொன்னதைச் செய்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிரியஸ் வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம் என்றாள். அம்பிரிட்ஜின் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, அடுப்பு வழியே தலையை நீட்டிக் கேட்டான். வீட்டு வேலைக்காரனான க்ரீச்சர் பொய் சொன்னான். சொன்ன பேச்சைக் கேட்டும் ஏமாற்றப்பட்டவன் அவன்.

இன்னொரு பொருள் அவன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. விடுமுறை முடிந்து கிளம்பும்போது சிரியஸ் அவசரமாகச் சுற்றிக் கொடுத்த பொட்டலம். தேவைப்பட்டால் பயன்படுத்து என்றார். தன்னால் சிரியஸ் வெளியே வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, ஹாரி அதைப் பிரிக்கவே இல்லை. உள்ளே இருந்தது இருவழிக் கண்ணாடி. முகம் பார்த்துப் பேசியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. சிரியஸைக் கொன்ற தவறுகளில் ஹாரிக்கென்று தனியாக ஒன்றை எடுத்து வைத்தால், அது இந்தப் பிரிக்காத பொட்டலம். அதில் கோபம் துளியும் இல்லை, பாசம்தான் இருந்தது.

சாவுக்குப் பிறகு டம்பிள்டோரின் அறையில் அவன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் உடைக்கிறான். கிழவர் தடுக்கவில்லை, என்னிடம் பொருள்கள் அதிகம்தான், உடை என்கிறார். பிறகு உட்கார்ந்து, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறார். உன் பதினோராவது வயதிலேயே சொல்லியிருக்க வேண்டியதை உன் மீது வைத்த பாசத்தால் மறைத்தேன், இந்த வருடம் முழுக்க உன் முகத்தைப் பார்ப்பதைக்கூடத் தவிர்த்தேன் என்கிறார். அந்தப் பேச்சின் நடுவே ஒரு வாசகம் வருகிறது. அதன் சாரம்: என் மீது உனக்கு வர வேண்டிய அளவுக்குக் கோபம் இன்னும் வரவில்லை. புத்தகத்திலேயே பெரிய அறிவாளி, வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்கும் ஆள், தானே கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சியம் இது. இதற்குப் பிறகும் பையன் அநியாயத்துக்குக் கோபப்படுகிறான் என்று நாம் சொல்வதென்றால், டம்பிள்டோரைவிட நமக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

2007இல் வந்த திரைப்படம் இந்தக் கத்தலில் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. ஆகப் பெரிய புத்தகம், அதுவரை வந்தவற்றில் ஆகச் சிறிய படமானது. படத்தின் ஹாரி பாவமான பையன். அவன் மீது யாருக்கும் எரிச்சல் வராது. எனக்குப் புத்தகத்துப் பையன்தான் வேண்டும்.

அவன் அப்படியே இருந்துவிடவும் இல்லை. அடுத்த புத்தகத்தில் புதிய மந்திர அமைச்சர் கிறிஸ்துமஸ் அன்று அவனைத் தேடிவந்து, அமைச்சகத்துக்கு ஆதரவாக நிற்பதுபோல் கொஞ்சம் காட்டிக்கொள் என்று நைச்சியமாகக் கேட்கிறார். ஹாரி குரலை உயர்த்தவில்லை. வலது கையை மடக்கித் தூக்கி, புறங்கையில் வெள்ளையாகத் தங்கிவிட்ட எழுத்துகளைக் காட்டுகிறான்.

அந்தக் கண்ணாடி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். சிரியஸ் இறந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்து, அவர் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்க்கிறான். பதில் இல்லை. ஆத்திரத்தில் பெட்டிக்குள் வீசுகிறான்; நொறுங்கிப்போகிறது. ஒரு வருடம் கழித்துப் பெட்டியைக் காலி செய்யும்போது அதன் சில்லு ஒன்று விரலைக் கிழிக்கிறது. எதற்கென்று தெரியாமலே அதை எடுத்து வைத்துக்கொள்கிறான். கடைசிப் புத்தகத்தில் மால்ஃபாய் மாளிகையின் நிலவறையில் அடைபட்டு, மேலே ஹெர்மயனி அலறும் சத்தம் கேட்கும்போது, கையில் இருப்பது அந்தச் சில்லு மட்டும்தான். அதைப் பார்த்து உதவி உதவி என்று கத்துகிறான். கண்ணாடிக்குள் ஒரு நீலக் கண் தெரிந்து மறைகிறது. சற்று நேரத்தில் ஹாரிக்கு நண்பனான டாபி என்ற குட்டிப்பூதம் வந்து நிற்கிறது.